வலிக்காத குழியை ஏன் குடைந்து அடைக்க வேண்டும்?

கேள்வி: என் வயது 46. கொத்தனார் வேலை செய்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகளவு சொத்தைக் குழி இருக்கிறது, வலி இல்லை. மருத்துவர் குடைந்துதான் அடைக்க வேண்டும் என்கிறார். குழியை ஏன் பெரிதாக்க வேண்டும்? 15 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பல்லில் அடைத்த வெள்ளி நிறப் பொருளில் பாதரசம் இருக்கிறதாமே, அதை எடுத்துவிடலாமா?

பதில்: பொருமிய காரையின் மேல் சாந்து பூசுவீர்களா? விரிசலைக் கொத்தி, உதிர்வதை உதிர்த்து, தூசி தட்டிய பிறகுதானே பூசுவீர்கள்? பல்லிலும் அப்படித்தான். மேலே இருக்கும் எனாமல் மிகக் கடினமானது. அதன் அடியில் உள்ள டென்டின் மென்மையானது. சொத்தை எனாமலில் சிறு துளையிட்டு நுழைந்து, டென்டினில் பக்கவாட்டில் பரவுகிறது. வெளியே மிளகளவாகத் தெரிவது உள்ளே பட்டாணியளவு இருக்கலாம். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சொத்தை நரம்பை நெருங்கும்வரை பல் பெரும்பாலும் முனகுவதில்லை. அது முனகும்போது அடைப்பதோடு முடியாமல், பல்லின் உள்ளிருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கேனல் சிகிச்சை வரை போகக்கூடும்.

பழைய வெள்ளி நிற அமால்கம் பல்லோடு தானாக ஒட்டாது. அது கழன்று வராமல் பிடித்து நிற்க, நல்ல பல்லையும் சேர்த்து உட்புறம் அகலமாகக் குடைய வேண்டியிருந்தது. இன்று வைக்கும் பல் நிறக் காம்போசிட் ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். அதனால் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைப்போம். நீங்கள் பூசுமுன் சுவரை நனைப்பீர்கள். நாங்களோ உமிழ்நீர் ஒரு துளி படாமல் காப்போம். பட்டால் ஒட்டாது.

பழைய அடைப்பை, அதில் விரிசலோ ஓரத்தில் இடைவெளியோ புதிய சொத்தையோ இல்லையென்றால், தொடாதீர்கள். அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். ஆனால் வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றோடு சேர்ந்து இறுகிய பின் மிகச் சிறிதளவு ஆவியே வெளிவரும். குடைந்து எடுக்கும்போதுதான் அது கூடுகிறது. நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். புதிதாக வைப்பது வேறு விஷயம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் நான் அமால்கம் வைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல், அரிய தேவைகள் தவிர, அதை நிறுத்திவிட்டது.

இந்த வாரமே போய் அடைத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டால் உதடும் நாக்கும் சில மணி நேரம் உணர்விழந்திருக்கும். உணர்வு திரும்பும்வரை எதையும் மெல்ல வேண்டாம். சூடான தேநீரும் வேண்டாம்.