மெக்கான்கி தட்டு காலியாக இருப்பதால் தேங்காய் சாதம் தப்பிவிடாது

மெக்கான்கி தட்டில் ஒன்றும் வளரவில்லை, அதனால் வாந்திக்குத் தேங்காய் சாதம் காரணமில்லை என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்த முடிவை எழுதிவிடாதீர்கள். மெக்கான்கி அகரில் (பாக்டீரியா வளர்க்கும் ஒரு கூழ் ஊடகம்) உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும் வகை) வளரவே விடாது. நீங்கள் சொன்னபடி, ஆடிப்பெருக்கு அன்று திருவையாற்றுப் படித்துறையில் தேங்காய் சாதம் சாப்பிட்டவர்களுக்கு 2 மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை. இவ்வளவு சீக்கிரம் வந்தால் சால்மோனெல்லா பாக்டீரியாவைவிட, சாதத்திலேயே உருவாகியிருந்த நச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என் சந்தேகம் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா மேல். அது கிராம் பாசிட்டிவ், அதனால் மெக்கான்கியில் தெரியாது. அதன் ஸ்போர்கள் (வெப்பம் தாங்கும் உறங்கு வடிவம்) அரிசியோடே வரும், கொதியில் சாகாது. விடியற்காலையில் வடித்து, சூடாகவே தூக்கில் அடைத்து மதியம் வரை வைத்தால் முளைத்துப் பெருகிவிடும். புளியோதரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, அதுவும் பொருந்துகிறது. புளிப்பு அதற்கு ஆகாது.

மீதிச் சாதத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, மானிட்டால், முட்டை மஞ்சள் கரு, பாலிமிக்சின் (ஒரு ஆன்டிபயாட்டிக்) சேர்ந்த அகரில் 30 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். இளஞ்சிவப்புக் காலனியும் சுற்றிலும் வெண்படலமும் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். எண்ணிக்கையைக் கட்டாயம் குறியுங்கள். கிராமுக்கு 1 லட்சத்தைத் தொட்டால்தான் பேச்சு, கொஞ்சம் இருப்பது அரிசியில் சகஜம். அப்புறம், ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தேடும் பேர்ட்-பார்க்கர் அகரிலும் ஒரு தட்டு போடுங்கள். தேங்காய் துருவிய கையிலிருந்து அது வந்திருக்கலாம், அதுவும் இதே வேகத்தில் வாந்தி எடுக்க வைக்கும்.

ஒன்று கவனியுங்கள்: மாதிரியை யாராவது மறுபடி சூடாக்கியிருந்தால் பெருகிய பாக்டீரியா பெரும்பாலும் செத்திருக்கும், ஸ்போர்கள் மட்டும் மிஞ்சலாம், நச்சு அப்படியே இருக்கும். செரியஸின் வாந்தி நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் தாங்கும். அப்போது புதுத் தட்டுகளும் காலியாக இருந்தால், "காரணம் உறுதியாகவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.