மாணிக்க மேகத்துக்கு 25,000 ரூபாயா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஹாட்-பி-7பி என்ற கோளில் மாணிக்கமும் நீலக்கல்லும் மேகமாக மிதக்கின்றன என்று படித்துவிட்டு, அதையே புராஜெக்டாக எடுத்திருக்கிறாள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை வாங்கித் தந்து, கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு பயிற்சி மையம் 25,000 ரூபாய் கேட்கிறது. 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த மேகம் உண்மைதானா? மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தக் கோளைப் பற்றிய செய்தி வந்தது கெப்ளர் தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து. அப்படியிருக்க வெப் தரவு எதற்கு என்று அந்த மையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

முதலில் மேகம். தண்ணீர் இல்லாமல் மேகம் எப்படி என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். ரசம் கொதிக்கும்போது மூடியின் அடியில் நீர் கோத்துக்கொள்கிறது அல்லவா, அதே கதைதான். அங்கே கொதிப்பது கல்லும் இரும்பும். 1,500, 2,000 டிகிரியில் ஆவியாகக் கிடப்பவை, குளிர்ந்த மேலடுக்குக்கு ஏறியதும் துகளாகின்றன. நம் ஊர் மேகத்துளி உருவாக ஒரு தூசியோ கடல் உப்போ கருவாக வேண்டும். அது வாயுக் கோள்; அங்கே கடலும் இல்லை, மண்ணும் இல்லை. டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி முதல் கருவாகின்றன, அதன்மேல் சிலிக்கேட் என்ற பாறைப்பொருள் படிந்து வளர்கிறது என்பது கணினி மாதிரிகள் சொல்லும் ஒரு வழி. கனத்த துகள் கீழே இறங்கும், வெப்பத்தில் மறுபடி ஆவியாகும். மழை உண்டு, அது விழத் தரை கிடையாது.

சரி, மாணிக்கம்? அந்தக் கோள் சுமார் 1,000 ஒளியாண்டு தொலைவில், 2.2 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுகிறது. கெப்ளர் 2009 முதல் 2013 வரை பார்த்தது ஒரே ஒரு புள்ளியை. விண்மீனும் கோளும் சேர்ந்த ஒளி அது. அதில் கோளின் மிகப் பிரகாசமான பகுதி சில சமயம் கிழக்கேயும் சில சமயம் மேற்கேயும் நகர்வதுபோலத் தெரிந்தது. காற்று மாறி மாறி வீசி, இரவுப்பக்க மேகங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று 2016-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகக் குழு விளக்கியது. அத்தனை வெப்பத்தில் எது மேகமாக நிற்கும்? அலுமினியம் ஆக்சைடாக இருக்கலாம் என்றார்கள். அதாவது குருந்தம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். குருந்தத்தில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலக்கல். அந்த நிறங்களை அங்கே யாரும் பார்க்கவில்லை. ‘இருக்கலாம்’ என்றது தலைப்புச் செய்தியில் ‘மாணிக்க மழை’ ஆகிவிட்டது. கூடவே வந்த படம் கணினியில் வரைந்தது.

2022-இல் லாலி, வாண்டர்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசினார்கள். விண்மீனின் மேற்பரப்பு உலைபோலக் கொதித்துக்கொண்டே இருப்பதால் அதன் ஒளியும் லேசாக ஏறி இறங்கும்; அந்த ஏற்ற இறக்கமே கோளில் வானிலை மாறுவதுபோல ஏமாற்றியிருக்கலாம் என்றார்கள். இதை அறியாமல் உங்கள் மகள் தேர்வாளர் முன் போய் நின்றால் சங்கடம்.

அவளுக்கு நான் சொல்வது லூமன் 16. 6.5 ஒளியாண்டு தூரத்தில் இரண்டு பழுப்புக் குறுமீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. கோளுக்குப் பெரிது, விண்மீனாக எரிய எடை போதாது, அந்த ரகம். கண்ணைக் கூசவைக்கும் விண்மீன் பக்கத்தில் இல்லாததால் மேகத்தைப் படிக்க வசதி. அதில் ஒன்றின் முகத்தில் மேகம் திட்டுத்திட்டாக இருப்பதை 2014-இல் சிலியிலுள்ள தொலைநோக்கியால் வரைபடமாகவே எடுத்தார்கள். அது தன்னைத்தானே சுற்ற 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது, திட்டுகள் சுற்றச்சுற்ற ஒளி கூடிக் குறைகிறது. டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கியிலும் இது பதிவாகியிருக்கிறது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விநாடிக்கோண அகலம் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விநாடிக்கோணம்); இரண்டு குறுமீன்களின் ஒளியும் கலந்துதான் விழும். எந்த ஏற்ற இறக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்வதே நல்ல புராஜெக்ட்.

இனி பணம். கெப்ளர், டெஸ், வெப் தரவுகள் ‘மாஸ்ட்’ என்ற இணையக் கிடங்கில் இருக்கின்றன. பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. இலவசம். ஒளியின் ஏற்ற இறக்கத்தை அலச உதவும் ‘லைட்கர்வ்’ என்ற பைத்தான் மென்பொருளும் இலவசம். வீட்டு லேப்டாப் போதும். இவர்கள் விற்பது கோயில் குளத்துத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெப் தரவு சிலவற்றை, கேட்டுப் பெற்ற ஆய்வாளர் பெரும்பாலும் 12 மாதம் தனக்கென வைத்துக்கொள்ளலாம். ‘பார்த்தீர்களா, பூட்டியிருக்கிறது, நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று மையத்தார் காட்டுவது இதைத்தான். பூட்டியிருப்பது அவர்களுக்கும் பூட்டித்தான் இருக்கும். 12 மாதம் முடிந்தால் எல்லோருக்கும் திறந்துவிடும். அந்த 12 மாதமும் எல்லாத் தரவுக்கும் இல்லை. சில வந்த அன்றே பொது. வாஸ்ப்-17பி கோளில் குவார்ட்ஸ் துகள் மேகம் இருப்பதை 2023-இல் காட்டிய வெப் தரவும் இப்போது திறந்தே கிடக்கிறது.

கட்டுரை வெளியீடு இன்னும் மோசம். பணம் கட்டிய சில நாளில் அச்சாகும் ‘சர்வதேச இதழ்’ எதையும் எந்த வானியலாளரும் படிப்பதில்லை. குற்றம் மையத்தின் மீது மட்டுமா? சர்டிஃபிகேட் எத்தனை என்று எண்ணி மார்க் போடும் கல்லூரிகள் இருக்கும்வரை இந்தக் கடைகள் மூடாது. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வெளியீடு கட்டாயமா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘கட்டாயம்’ என்று எழுதித்தர அநேகமாகத் தயங்குவார்.

முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா? இருந்தால், எந்தத் தரவுக்கோப்பு, எந்தக் கிடங்கிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மகளை இன்றைக்கே லைட்கர்வைப் பதிவிறக்கச் சொல்லுங்கள்.