சேலையில் கொட்டிய மெழுகை எடுப்பது எப்படி?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நவம்பர் 2, மரித்தோர் திருநாளன்று சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது காற்று அடித்து, சிவப்பு மெழுகு என் நூல் சேலையில் கொட்டிவிட்டது. குளிக்கிற அளவு சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். கறை பரந்ததுதான் மிச்சம். சேலை அம்மாவுடையது. காப்பாற்ற முடியுமா? வீட்டிலுள்ள திரிகளும் வெயிற் காலத்தில் வளைந்துவிடுகின்றன."

பெரும்பாலும் முடியும், சகோதரி. ஆனால் இனிச் சுடுதண்ணீர் வேண்டாம். கடையில் வாங்கும் சாதாரணத் திரி பரஃபின் மெழுகு. அது உருக 50 பாகைக்கு மேல் சூடு வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரே 40 பாகையை ஒட்டித்தான் இருக்கும். குளிக்கிற சூட்டில் மெழுகு இளகும், வெளியே வராது. இளகியதைத் தேய்த்தால் இழைக்குள் இன்னும் இறங்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சேலையை நிழலில் காயவிடுங்கள். ஐஸ் கட்டியைப் பையில் போட்டுக் கறைமேல் பத்து நிமிடம் வைத்தால் மெழுகு இறுகி நொறுங்கும். நகத்தாலோ கரண்டி விளிம்பாலோ மெல்லச் சுரண்டுங்கள். கத்தி பட்டால் இழை அறுந்துவிடும். அப்புறம் கறைக்கு மேலும் கீழும் வெள்ளை டிஷ்யூ தாள் வைத்து, அயன் பெட்டியை மிதமான சூட்டில், நீராவி இல்லாமல், சில வினாடி வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. தாளில் எண்ணெய்ப் பொட்டுப் போல மெழுகு ஏறும். பொட்டு விழாமல் நிற்கும்வரை ஒவ்வொரு தடவையும் புதுத் தாள் வையுங்கள். பத்திரிகைத் தாள் மட்டும் வேண்டாம், மை சேலையில் ஏறிவிடும்.

அதற்குப் பிறகும் நிற்கும் சிவப்பு, மெழுகல்ல, சாயம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கறையின் விளிம்பிலிருந்து நடுப்பக்கமாக ஒற்றுங்கள். முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, சேலையின் நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு சவர்க்காரம் போட்டு அலசி நிழலில் போடுங்கள். அலசாமல் மறுபடி அயன் பிடிக்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. வாசம் லேசில் போகாது, தீயும் பிடிக்கும். அம்மாவின் சேலைக்கு அது வேண்டாம்.

திரிகள் வளைவது தகரக் கூரையின் சூட்டால். அலுமாரியின் அடித்தட்டில், தாளில் சுற்றிப் படுக்க வையுங்கள். கொளுத்துமுன் நூலைக் கால் அங்குலமாக வெட்டினால் கரி குறையும். காற்று வரும் யன்னலோரம் வைத்தால் ஒருபக்கமாக உருகி வடியும்.

வெண்கலத் தண்டில் ஒட்டிய மெழுகுக்குக் கொதிநீர் சரி. அந்தத் தண்ணீரைச் சூட்டோடு சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டையாக மிதக்கும். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள்.