ஆடுதீண்டாப்பாளைப் பொடி: நிறுத்திய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 52 வயதுங்க. சொரியாசிஸுக்கு நாட்டு வைத்தியர் கொடுத்த பொடியை 14 மாதமாகச் சாப்பிடுகிறேன். ஆடுதீண்டாப்பாளை சேர்கிறதாம். அப்பாரு காலத்திலிருந்து கொடுக்கிற மருந்து, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்கிறார். சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனையில் கிரியேட்டினின் 1.1 இருக்குதுங்க. தொடரலாமுங்களா?
- வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்.

கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து கிடக்கும் அந்தச் செடியை ஆடு கடிக்காது, பெயரே அதுதான். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரையில் இதே இனத்து மூலிகை ஒன்று ஆள்மாறிச் சேர்ந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்களில் 39 பேருக்குச் சிறுநீரகத்தை எடுத்துச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது.

வைத்தியர் பொய் சொல்லவில்லை. வாந்தி, பேதி என்றால் மறுநாளே அவரிடம் வந்திருப்பார்கள். பத்து வருஷம் கழித்து டயாலிசிஸுக்குப் போகிறவருக்குப் பொடியின் ஞாபகமே வராது. எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையிலும் புற்றுநோய் பெரும்பாலும் பிடிபடாது. அதற்கு இரண்டு வருஷம், அதாவது கிட்டத்தட்ட எலியின் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

1.1-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலையை இழந்த பிறகுதான் கிரியேட்டினின் கண்ணுக்குத் தெரிய ஏறும். பொடி தொடங்குவதற்கு முந்தைய ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். அன்று 0.7 என்றால், இன்றைய 1.1 நார்மல் இல்லை.

இந்த வாரமே ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம், ஹீமோகுளோபின், எஸ்.ஜி.பி.டி (கல்லீரல் சோதனை), சிறுநீரக ஸ்கேன் பாருங்கள். சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது; நுண்குழாய் கெட்டால் கசியும் சின்னப் புரதங்கள் அதில் தப்பிவிடும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால் (சர்க்கரை நோய்க்கு ‘ஃப்ளோசின்’ வகை மாத்திரை சாப்பிடாதவர் என்றால்) அது முக்கியமான தடயம். காரணம் தெரியாத ரத்தசோகையும் அப்படியே.

எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம் வரை பாருங்கள். அதன்பின் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை. ரத்தம் கலந்து போனால் ஒரே ஒரு முறை என்றாலும் யூராலஜிஸ்டிடம் போக வேண்டும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் விட்டுவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: பொடி ஆரம்பித்துச் சில நாளிலேயே படை மறைந்து, முகம் ஊதிற்றா? அப்படியென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழும். நிறுத்துகிற அன்றே மருத்துவரைப் பாருங்கள், மாற்று கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்.

மீதிப் பொடியைக் கொட்டிவிடாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க இலவச எண் 1800-180-3024.