முகத்தைப் பிறகு தேடுங்கள்

கேள்வி: நியூயார்க் மேடையில் 2003 முதல் ஓடும் 'விக்கிட்' இசை நாடகம் படமாகி உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அதுபோல் நம் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தை இன்று படமாக்கினால் வள்ளி, முருகன், நாரதர் வேடங்களுக்கு எந்த முகங்கள் பொருத்தமாக இருக்கும்? உங்கள் கனவுப் பட்டியல் என்ன?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எந்த முகங்கள் என்கிறீர்கள். இசை நாடகத்தைப் படமாக்கப் புறப்பட்ட தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டதும் இதைத்தான். அவர்கள் சறுக்கிய இடமும் இதுதான்.

வள்ளி கதையிலேயே சான்று இருக்கிறது. ஏ.வி. மெய்யப்பன் 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யை எடுத்தார். முருகன் டி.ஆர். மகாலிங்கம். நாடக மேடையில் வளர்ந்தவர், மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் வழியில் உச்சத்தில் போய் நின்று பாடக்கூடியவர். வள்ளி குமாரி ருக்மணி. அவரும் தன் பாட்டைத் தானேதான் பாடினார். அது மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை ருக்மணியின் வாயசைப்போடு ஒட்டவைத்தார். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தபோதே இந்த வித்தையில் கை பழகியவர் அவர். 'இரவல் குரல்' என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். படம் பிரமாதமாக ஓடியது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஆணுக்குத் தொண்டையைப் பார்த்துத் தேர்வு, பெண்ணுக்கு முகத்தைப் பார்த்துத் தேர்வு.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டும் அதே கணக்கைப் போட்டது. 'மை ஃபேர் லேடி' 1956-இல் நியூயார்க் மேடையில் ஏறியபோது கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். பாடிப் பாடி அந்த வேடத்தைத் தனதாக்கிக்கொண்டவர். 1964-இல் படமாக்கிய ஜாக் வார்னருக்கு அவருடைய முகம் ஊரறிந்த முகமாகத் தெரியவில்லை. ஆட்ரி ஹெப்பர்னை அழைத்தார். ஹெப்பர்ன் பயிற்சி எடுத்துக்கொண்டு பாடினார், பதிவும் செய்தார்கள். கடைசியில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலை வைத்தார்கள். ஆஸ்கர் வந்தது. படத்துக்கு எட்டு விருதுகள். ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. சிறந்த நடிகை விருதை 'மேரி பாபின்ஸ்' படத்துக்காக வாங்கிப்போனவர் ஜூலி ஆண்ட்ரூஸ்.

அதே படத்தில் கதாநாயகன் ரெக்ஸ் ஹாரிசனுக்குப் பாடவே வராது. வசனத்தைத் தாளத்தில் பேசுவார், அவ்வளவுதான். 'ஒரே மாதிரி இரண்டு முறை சொல்ல என்னால் ஆகாது, முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன்' என்று பிடிவாதமாக நின்றார். அவருடைய கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்தார்கள். பாட வராத ஆணின் சொந்தக் குரலுக்கு இத்தனை பாடு. முயன்று பாடிய பெண்ணுக்கு இரவல் குரல். 'ஸ்ரீவள்ளி'யையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மார்னி நிக்சனை இதோடு விட எனக்கு மனமில்லை. 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கெர்ருக்கு, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கு, பிறகு ஹெப்பர்னுக்கு என்று மூன்று பெரிய படங்களில் பாடினார். எழுத்துப் போடும்போது மூன்றிலும் அவர் பெயர் இல்லை. அவர்கள் மூடி மறைத்த வேலையை நாம் மதிப்புமிக்க ஒரு கலையாக வளர்த்தோம். பின்னணிப் பாடகர் பெயரைத் திரையில் போட்டோம், இசைத்தட்டில் போட்டோம். இலங்கை வானொலியில் பாட்டுப் போடும் முன் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்கே கவிஞர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து கொடுத்தது அந்த அறிவிப்புதான். இன்று கைபேசியில் பாட்டைத் தட்டினால் கதாநாயகன் கைகட்டி நிற்கும் படம் வருகிறது. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க நான்கு இடத்தில் தேட வேண்டும். இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். சரியாகும்வரை எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

முகம் பார்க்காத தேர்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1935-இல் வந்த 'நந்தனார்'. கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகு, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார் கே.பி. சுந்தராம்பாள். அவரைத் தேடிப்போய், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசி, நந்தனாராகவே நடிக்கவைத்தார்கள். 1935-இல் ஒரு லட்சம்! ஆண் வேடத்தில் ஒரு பெண், எதிரில் வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். முகப்பொருத்தம் என்ற அளவுகோலை வைத்தால் இந்தத் தேர்வு நடந்திருக்கவே முடியாது. எந்தக் குரலைக் கேட்க மக்கள் காசு கொடுப்பார்கள் என்று தெரிந்து செய்த தேர்வு அது. தமிழ்த் திரையின் மிகத் துணிச்சலான நடிகர் தேர்வு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

'மேடை வேறு, கேமரா வேறு. குரல் மட்டும் போதுமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். 'டியர் இவான் ஹான்சன்' நாடகத்தில் பள்ளி மாணவனாகப் பாடிப் பெரும் பெயர் வாங்கிய பென் பிளாட், 2021-இல் அது படமானபோது இருபதுகளின் கடைசியில் இருந்தார். மேடையிலிருந்து பத்தாவது வரிசைக்குத் தெரியாத வயது நெருக்கக் காட்சியில் தெரிந்துவிட்டது. 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தை நியூயார்க்கில் தூக்கி நிறுத்தியவர் ஜீரோ மோஸ்டல். 1971-இல் படமெடுத்த நார்மன் ஜூவிசன் அவரை விட்டுவிட்டு, லண்டன் மேடையில் அதே வேடம் போட்ட டோபோலை எடுத்தார். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: ஜூவிசனும் பிரபலமான முகத்தைத் தேடிப் போகவில்லை. அந்தப் பாட்டை இரவுக்கு இரவு பாடிக் களைத்த இன்னொரு தொண்டையைத்தான் தேடிப் போனார்.

இன்னொரு பழைய வழக்கும் பாக்கி இருக்கிறது. பாட்டு என்பது கதைக்கு நடுவே விழும் தடை என்று நம் ஊரில் ஒரு விமர்சகர் கூட்டம் காலங்காலமாக எழுதிவருகிறது. அந்தக் கருத்துக்கு இசை நாடகத்தில் இடமே கிடையாது. ஏனென்றால் அங்கே கதை நகர்வதே பாட்டில்தான். அமெரிக்காவிலும் இந்தக் கூச்சம் உண்டு. 2002-இல் வந்த 'சிகாகோ'வில் பாட்டுகளை எல்லாம் கதாநாயகியின் கற்பனை மேடைக்குள் தள்ளிவிட்டார்கள். திறமையான ஏற்பாடு, ஆஸ்கரும் கிடைத்தது. இருந்தாலும், மனிதர்கள் வாய்விட்டுப் பாடுவதற்குச் சாக்குச் சொல்லும் படமாகத்தான் அதை என்னால் பார்க்க முடிகிறது. வள்ளியைக் கற்பனைக்குள் தள்ள முடியுமா? தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண் சுழற்றி ஆலோலம் பாடுகிறாள். பாடுவது அவள் வேலை. குருவி பறக்க வேண்டும், தினை பிழைக்க வேண்டும். அதைவிட நல்ல காரணம் எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்கும்?

பிறகு நாரதர் வருகிறார். இங்கேதான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நிலையான குழு இல்லாமல் ஓர் இரவுக்கு மட்டும் நடிகர்களைத் தனித்தனியே அழைத்துப் போடும் நாடகத்தில், வள்ளி ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். நாரதர் ஒரு பாட்டில் மடக்குவார். அதே சூட்டில் வள்ளி திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு வசனம், ஒரு திருக்குறள், ஒரு கிண்டல். யார் எங்கே எடுக்கப்போகிறார் என்று எவருக்கும் தெரியாது. இத்தனையையும் கட்டிக் காப்பவர் மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவர். நடிகர் மூச்சை இழுக்கும்போதே அவருடைய விரல் சுருதியில் போய் நிற்கும். நடிகருக்குத் தொண்டை கட்டினால் பின்பாட்டில் அவரே தூக்கிக் கொடுப்பார்.

2012-இல் 'லே மிசராப்ல்' எடுத்தபோது டாம் ஹூப்பர் செய்தது கிட்டத்தட்ட இதுதான். பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரங்குக்கு வெளியே ஒரு பியானோக்காரர், நடிகரின் காதுக்குள் பொட்டுப்போல ஒரு கருவி. நடிகர் நிறுத்தினால் பியானோ நிற்கும், விம்மினால் காத்திருக்கும். இசைக்குழுவைப் பின்னால் சேர்த்தார்கள். எல்லாருமே நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆன் ஹாத்வே முகத்தருகே கேமரா அசையாமல் நிற்க, ஒரே மூச்சில் பாடி அழுத அந்தப் பாட்டைப் பாருங்கள். எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதைச் செய்திருக்க முடியாது. நீங்கள் சொன்ன 'விக்கிட்' படத்திலும் சிந்தியா எரிவோ கம்பியில் தொங்கிப் பறந்தபடியே படப்பிடிப்பில் பாடினார்.

ஆகவே என் பட்டியலில் முதல் இடம் ஆர்மோனியக்காரருக்கு. அவரை ஒப்பந்தம் செய்த பிறகே மற்ற பேச்சு. நாரதர் கண்டிப்பாக மேடைக்காரராக இருக்க வேண்டும். விடிய விடிய தர்க்கம் செய்து பழகாத எவரையும் அந்த வேடத்தில் நான் ஏற்க மாட்டேன். வள்ளியும் அப்படியே. மூன்று கேமராக்களை வைத்துக்கொண்டு, 'கட்' சொல்லாமல், தர்க்கத்தை முழுதாக ஓடவிட்டு எடுக்க வேண்டும். வெட்டுவதைப் படத்தொகுப்பு மேசையில் வைத்துக்கொள்ளலாம். முருகனுக்கு மட்டும் தயாரிப்பாளர் தனக்குப் பிடித்த முகத்தைக் கொண்டுவரட்டும், தடுக்கவில்லை. அந்த முகத்துக்குப் பாட வராவிட்டால், பாடுகிறவரின் பெயரைச் சுவரொட்டியில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

நாரதருக்கும் வள்ளிக்கும் பெயர் கேட்டால் நான் சென்னையில் உட்கார்ந்து சொல்வது சரியாகாது. நீங்கள் இருப்பது காரைக்குடியில். பக்கத்தில் புதுக்கோட்டை, சற்றுத் தள்ளி மதுரை. நாடக நடிகர் சங்கங்கள் இன்னும் இயங்கும் ஊர்கள். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் எத்தனையோ ஊர்களில் 'வள்ளி திருமணம்' போடுகிறார்கள். நான்கைந்து இரவுகள் போய் உட்கார்ந்து, தர்க்கம் முடியும்வரை எழுந்திருக்காமல் கேளுங்கள். வென்ற வள்ளி யார், அசராத நாரதர் யார், ஆர்மோனியத்தில் யார் என்று எழுதி அனுப்புங்கள். நடிகர்களின் சம்மதத்தோடு பட்டியலை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.
— ஆசிரியர்