எம்.எஸ். படிக்கும் மகன் உணவு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாரா? தடுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

கடன் வாங்கி அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பினால், பையன் பல்கலைக்கழக உணவு வங்கிக்குச் சம்பளமில்லாமல் ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறானே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். செய்யட்டும் ஐயா. ஆனால் அளவோடு.

பணமில்லாமல் தவிக்கும் மாணவர்களுக்கு மளிகையை இலவசமாகக் கொடுக்கும் இத்தகைய உணவு வங்கிகள் அங்கே புதிதில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே 1993-ல் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். வாடகையும் கட்டணமும் கட்டியபின் மளிகை வாங்கக் கையில் காசில்லாத மாணவர்கள் அங்கும் உண்டு.

இந்த வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. புதிதாக எழுதுபவர்கள் ‘கொண்டைக்கடலை டின்: 40’ என்று போட்டு, எடுக்க எடுக்க அந்த எண்ணையே மாற்றுவார்கள். இரண்டு தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவர் பதிந்தது காணாமல் போகும். அதற்குப் பதில் வந்தது, கொடுத்தது, நசுங்கியதால் ஒதுக்கியது என ஒவ்வொன்றையும் காரணத்தோடு தனி வரியாகப் பதிந்து, கூட்டிக் கழித்து இருப்பைக் காட்ட வேண்டும். கடைப் பேரேடு எழுதியவர்களுக்கு இது தெரியும். நன்கொடை பவுண்டு எடையில் வரும், கொடுப்பது டின் எண்ணிக்கையில் போகும்; இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதே தனிப் பாடம்.

தேதி விஷயம் இன்னும் நுட்பமானது. அமெரிக்க டின்களில் இருக்கும் தேதி பெரும்பாலும் தரம் பற்றித் தயாரிப்பாளர் போடும் மதிப்பீடுதான். கூட்டாட்சிச் சட்டம் தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது குழந்தைகளுக்கான ஃபார்முலா பாலுக்கு மட்டும். ஆகவே தேதி தாண்டிய எல்லாவற்றையும் ‘வீசு’ என்று சாஃப்ட்வேர் சொன்னால் நல்ல உணவு குப்பைக்குப் போகும். தேதி தாண்டிய ஃபார்முலாவைத் தடுக்காமல் விட்டாலோ ஆபத்து. அலமாரி முன்னால் நின்று விசாரித்தவருக்குத்தான் இது புரியும்.

வருபவர்களின் பெயரைப் பதியவே வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். கூச்சத்தோடு வருகிறவர்கள் பெயர் கேட்டால் மறுமுறை வரமாட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்பது போதும்.

வேலை தேடும்போது இதெல்லாம் கைகொடுக்குமா என்பதுதானே உங்கள் கேள்வி? கொடுக்கும். என்னிடம் வரும் ரெஸ்யூமேக்களில் ஷாப்பிங் தள நகல்கள்தான் குவிகின்றன. அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை. இதைப் பயன்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள், குறை சொல்லவும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்தேன் என்று நேர்காணலில் தம்பியால் சொல்ல முடியும்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. மொபைல் ஆப், ஏஐ கணிப்பு என்று இழுத்துக்கொண்டே போகக் கூடாது. யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனர் கணினிக்குக் கீபோர்டு மாதிரிதான். ஸ்கேன் செய்த எண்ணை அதுவே தட்டச்சு செய்துவிடும். அது போதும். தன்னார்வலர்கள் செமஸ்டருக்கு செமஸ்டர் மாறுவார்கள், தம்பியும் பட்டம் வாங்கிக் கிளம்புவார். அடுத்து வருபவருக்கு இரண்டு பக்கக் குறிப்பும் பேக்கப் எடுக்கும் முறையும் எழுதிவைக்காவிட்டால் உழைப்பு வீண்.

இன்னொன்று, எஃப்-1 எனும் மாணவர் விசா. வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் சம்பள வேலைக்கு வாரம் 20 மணி நேர வரம்பு உண்டு. இது சம்பளமில்லாத சேவைதான் என்றாலும், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை பேசும்போது, அலமாரியில் எண்ணிப் பார்த்த இருப்பும் சாஃப்ட்வேர் காட்டும் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடித்ததைத்தான் ரெஸ்யூமேயில் முதலில் எழுத வேண்டும். எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.