வெளியேறிய ரப்பர் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் இழுத்துப் போடுகிறார்களா?

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். ‘மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்’ தொட்டு, அந்த ரப்பர் குரூப் அட்மின்கள் அத்தனை பேரையும் டிக் செய்யுங்கள். மூன்று முறை வெளியேறியும் சேர்க்கிறார்கள் என்றால் அங்கே ‘எவ்ரிஒன்’ அல்லது ‘மை காண்டாக்ட்ஸ்’ இருக்கலாம். பாருங்கள்.

இனி அவர்களால் அழைப்பு மட்டுமே அனுப்ப முடியும். தொடாவிட்டால் 3 நாளில் காலாவதி.

குரூப்பை விட்டு முழுக்கச் சத்தமில்லாமல் போக முடியாது. அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான், ஆனால் விலகியவர் பட்டியலில் 60 நாள் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) விலை கேட்டால் அரசியல் பேசுகிற கூட்டம், தெரிந்தால் தெரியட்டும்.

குமரி மாவட்டக் குலசேகரத்துக்காரர்கள் பதினைந்து பேரோடு நீங்கள் தொடங்கும் புதுக் குரூப்பில், அட்மின் சம்மதித்தால்தான் புதியவர் சேர முடிகிற ‘அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்’ஸை முதல் நாளே ஆன் செய்யுங்கள். லிங்க் ஒரு தடவை பார்வர்டு ஆனால் போதும், பழைய சண்டைக்காரர்கள் அப்படியே வந்து இறங்குவார்கள்.